வீட்டு முற்றத்தில் கிரிக்கெட்: நமக்கான விதிகளை நாமே வகுத்துக்கொள்ளும் முறை

முற்றத்திலோ கொல்லைப்புறத்திலோ முதன்முறையாக கிரிக்கெட் ஆட இறங்குகிறவர்கள், மட்டையையும் பந்தையும் தேடி எடுப்பதில் காட்டும் அக்கறையை விதிகளைப் பேசி முடிப்பதில் காட்டுவதில்லை. ஆட்டம் தொடங்கிப் பத்துப் பந்து போவதற்குள் பந்து ஒரு பூந்தொட்டியில் பட்டுத் திரும்பும். அது நான்கா, ஒன்றா, அவுட்டா என்று ஒருவருக்கும் தெரியாது. உரத்த குரல் சொன்னதே தீர்ப்பாகிவிடும், ஆட வந்தவர்களில் மிகச் சின்னவர் முகம் வாடி வீட்டுக்குள் போய்விடுவார். இதைத் தவிர்க்கக் கால் மணி நேரம் போதும். இடத்தையும் ஆட வந்திருப்பவர்களையும் பார்த்து, முதல் பந்துக்கு முன்பே எவற்றைப் பேசி முடிக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

சொந்தமாக விதி வகுப்பது உண்மையான கிரிக்கெட்டுக்கு ஒரு படி குறைவான காரியம் என்று தயங்க வேண்டியதில்லை. இன்று நாம் மாற்ற முடியாதவையாக நினைக்கும் விதிகளில் பல, ஆட்டத்தின் நடுவே எழுந்த தகராறுகளிலிருந்தே வந்தவை. 1771-இல் தாமஸ் ஒயிட் என்பவர் ஸ்டம்புகளை முழுவதும் மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையைக் கொண்டுவந்து நின்றார். எதிரணியான ஹாம்பிள்டன் ஆட்சேபித்ததன் விளைவாகத்தான் மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு பிறந்தது. இரண்டு ஸ்டம்புகள் மட்டுமே நடப்பட்டுவந்த அந்தக் காலத்தில், 1775-இல் லண்டனில் நடந்த ஓர் ஆட்டத்தில், லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து ஜான் ஸ்மாலின் ஸ்டம்புகளுக்கு நடுவே மூன்று முறை புகுந்து போயும் அவர் அவுட் ஆகவில்லை. மூன்றாவது ஸ்டம்ப் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு குறையைக் கண்டு, அதற்கு ஒரு விதி செய்து, எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். முற்றத்தில் நாம் செய்யப்போவதும் இதுதான்.

முதல் படி: இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள்

மட்டையை ஓரமாகச் சாத்திவிட்டு, ஆடப்போகும் எல்லோரும் சேர்ந்து இடத்தை ஒரு முறை சுற்றி வாருங்கள். ஒருவர் மட்டும் பார்த்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்வது போதாது. விதி எதற்காக வந்தது என்பதைக் கண்ணால் கண்டவர்தான் அதை மதிப்பார். கண்ணாடி ஜன்னல்கள் எந்தப் பக்கம், பக்கத்து வீட்டு மதில் எவ்வளவு உயரம், வண்டி நிற்கிறதா, துணி காய்கிறதா, முள்செடி இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி திறந்திருக்கிறதா, தரையில் எங்கே குழி அல்லது கல் துருத்தி நிற்கிறது, யார் எந்தக் கதவு வழியாகத் திடீரென வெளியே வரக்கூடும் என்பவற்றைக் கவனியுங்கள். நகர்த்தக்கூடியவற்றை நகர்த்துங்கள். நகர்த்த முடியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி தேவைப்படும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறு வயதில் நாங்கள் ஆடிய இடத்தில் சமையலறை ஜன்னல் ஒன்று மட்டையாளருக்கு நேர் பின்னால் இருந்தது. பின்னால் யார் அடிக்கப்போகிறார்கள் என்று எண்ணி அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. மட்டையின் விளிம்பில் பட்ட பந்து நேராக அந்தக் கண்ணாடியில் போய் விழுந்தது. அடித்த பந்தை விட விளிம்பில் பட்டுத் தெறிக்கும் பந்தே எங்கே போகும் என்று சொல்ல முடியாதது. ஆகவே ஆடும் திசையைத் தீர்மானிக்கும்போது, மட்டையாளருக்குப் பின்னால் வெற்றுச் சுவரோ அடர்ந்த வேலியோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பந்து, தூரம், விக்கெட்

பந்தைப் பற்றிய விதியில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: முற்றத்தில் தோல் பந்து வேண்டாம். அதன் எடை சுமார் 156 முதல் 163 கிராம், டென்னிஸ் பந்தின் எடையோ 56 முதல் 59 கிராம் வரைதான். ஒரே வேகத்தில் வந்தாலும் தோல் பந்தின் தாக்கம் ஏறத்தாழ மூன்று மடங்கு, அதோடு அது அமுங்கிக் கொடுக்காது. கால்காப்பும் தலைக்கவசமும் இல்லாமல் பத்தடி தூரத்தில் ஃபீல்டிங் நிற்கும் சிறுவர்களுக்கு டென்னிஸ் பந்தே ஏற்றது. அது மிகையாக எழும்பினால் மேலே மின்காப்பு நாடாவை இறுக்கமாகச் சுற்றலாம். எழும்புதல் குறையும், வேகம் கூடும். பாதிப் பந்துக்கு மட்டும் நாடா ஒட்டினால் காற்றில் வளைந்து செல்லும். புதிதாக ஆடுகிறவர்கள் இருக்கும் ஆட்டத்தில் நாடா ஒட்டாத பந்தே நல்லது.

முறையான ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். அவ்வளவு இடம் முற்றத்தில் கிடைப்பது அரிது, தேவையும் இல்லை. பெரியவர் ஒருவரின் நடையில் 12 முதல் 14 தப்படி இருந்தால் டென்னிஸ் பந்தில் நன்றாக ஆடலாம். பத்துத் தப்படிக்கும் குறைவாக இருந்தால் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி வீசுவதைத் தடை செய்துவிட்டு, கீழ்க்கையாக மட்டும் வீசச் சொல்லுங்கள். கீழ்க்கை வீச்சு குழந்தைகளுக்குரியது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தோளுக்கு மேல் கையை உயர்த்தி வீச முறையான கிரிக்கெட்டே அனுமதித்தது 1864-இல்தான் என்பதை அவர்களுக்குச் சொல்லலாம். வீச்சாளர் தாண்டக் கூடாத கோட்டையும் மட்டையாளர் நிற்கும் கோட்டையும் சுண்ணாம்புக்கட்டியாலோ செங்கல் துண்டாலோ தெளிவாகப் போடுங்கள். மண் தரையானால் குச்சியால் கீறினால் போதும், ஆனால் அரைமணிக்கு ஒரு முறை திரும்பக் கீற வேண்டியிருக்கும்.

விக்கெட்டுக்கு முறையான அளவு 71.1 செ.மீ. உயரமும் 22.86 செ.மீ. அகலமும் ஆகும். நாற்காலி, அட்டைப் பெட்டி, குப்பைக்கூடை எதை வைத்தாலும் இந்த அளவுக்கு எவ்வளவு நெருங்குகிறது என்று பாருங்கள். நாற்காலி இரண்டு மடங்கு அகலமாக இருப்பதால் பந்துவீச்சாளருக்கு மிகவும் சாதகமாகிவிடும். அப்படியானால் நாற்காலியின் இரண்டு முன்கால்களுக்கு இடையே பட்டால் மட்டுமே அவுட் என்றோ, முதுகுச் சாய்வில் பட்டால் அவுட் இல்லை என்றோ வரையறுத்துக்கொள்ளுங்கள். சுவரில் மூன்று கோடு வரைந்து ஆடுவது எளிது, ஆனால் பந்து கோட்டில் பட்டதா, ஓரமாகப் போனதா என்ற சண்டை ஓயாது. இதற்கு ஒரு வழி உண்டு. ஸ்டம்ப் கோடுகளைச் சுண்ணாம்புக்கட்டியால் தடிப்பாகப் போட்டு உள்ளே முழுவதும் தீற்றிவிட்டால், பட்ட பந்தில் வெள்ளைத் தடம் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஓவருக்கும் முன்னால் பந்தைத் துடைத்துவிட்டால் தடமே சாட்சியாகிவிடும்.

மூன்றாம் படி: எல்லையும் இடையூறுகளும்

முற்றத்து விதிகளில் வளமான பகுதி இதுதான், நேரத்தை இங்கே செலவிடுங்கள். மைதானத்துக்கு நடுவே ஒரு மரம் நின்றால் என்ன செய்வது என்ற கேள்வி முதல்தரக் கிரிக்கெட்டுக்கும் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் கேன்டர்பரியிலுள்ள செயின்ட் லாரன்ஸ் மைதானத்தில் எல்லைக்கு உள்ளேயே ஒரு பெரிய மரம் நின்றது. பந்து அதில் பட்டால் நான்கு ரன் என்பது அந்த மைதானத்துக்கென்றே வகுக்கப்பட்ட விதி. 2005-இல் காற்றில் அது முறிந்து விழும் வரை பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டே ஆடினார்கள். எனவே உங்கள் முற்றத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் விலை குறிப்பதில் கூச்சம் வேண்டாம்.

குறிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அந்த இடத்துக்குப் பந்து போவது நமக்கு வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் ரன் கொடுங்கள், வேண்டாமென்றால் அவுட் கொடுங்கள். தரையோடு உருண்டு எதிர்ச்சுவரில் படும் பந்துக்கு நான்கு ரன் கொடுத்தால் எல்லோரும் பந்தைத் தாழ்வாக அடிக்கப் பழகுவார்கள், ஆட்டமும் அழகாகும். பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டினால் ஆறு ரன் கொடுத்து, அதோடு அவுட்டும் கொடுப்பது பலர் கைக்கொள்ளும் விதி. ஆறு ரன் கிடைப்பதால் அடித்தவருக்கு ஒரு பெருமை மிஞ்சுகிறது, அவுட் என்பதால் அடுத்தவர் அதைச் செய்யத் தயங்குகிறார். எனக்கோ அந்த ஆறு ரன்னையும் கொடுக்காமல் வெறும் அவுட் என்று வைப்பதே சரியாகப் படுகிறது. கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவைப்படும்போது எவரும் மதிலைத் தாண்டி அடிக்கத்தான் பார்ப்பார்கள், அந்த நேரத்தில் ஆறு ரன் கிடைக்கும் விதி எதையும் தடுக்காது. ஜன்னல் பக்கம் என்றால் இதில் பேச்சே இல்லை: கண்ணாடி உடையாவிட்டாலும், பட்ட மாத்திரத்தில் அவுட்.

ஒரு பக்கம் முழுவதுமே ஆபத்தானதாக இருந்தால், அந்தப் பக்கம் ரன்னே கிடையாது என்று அடைத்துவிடலாம். வலக்கை மட்டையாளருக்கு லெக் சைடு (அவர் நிற்கும்போது முதுகுப் பக்கம்) அடைபட்டிருந்தால் இடக்கை மட்டையாளருக்கு அதே பக்கம் ஆஃப் சைடாகிவிடும் (முன்பக்கம்) என்பதை மறக்க வேண்டாம். பக்கத்தைச் சொல்லும்போது ‘லெக் சைடு’ என்று சொல்லாமல் ‘ஜன்னல் பக்கம்’, ‘மதில் பக்கம்’ என்று பொருளைக் காட்டிச் சொன்னால் புதியவர்களுக்குக் குழப்பம் வராது.

பந்து புதருக்குள் சிக்கினால், கூரைமேல் நின்றுவிட்டால், நாய் கவ்விக்கொண்டு ஓடினால் என்ன? பழைய கிரிக்கெட் விதிகளில் பந்து தொலைந்துவிட்டதாக ஃபீல்டர் அறிவித்தால் மட்டையாளருக்கு 6 ரன் தரும் விதி இருந்தது. 2017-இல் அது நீக்கப்பட்டு, இப்போது அது டெட் பாலாக, அதாவது ஆட்டம் அத்தோடு நின்றுவிட்ட பந்தாகக் கருதப்படுகிறது. முற்றத்துக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பொருந்தும். யாராவது ‘சிக்கிவிட்டது’ என்று கூவியவுடன் ஓட்டம் நிற்க வேண்டும், அதுவரை ஓடிய ரன்னோடு இரண்டு ரன் சேர்த்துக்கொள்ளலாம். புதருக்குள் கையை விட்டுத் தேடும் ஃபீல்டரை அவசரப்படுத்தும் எந்த விதியும் வேண்டாம். முள்ளும் பூச்சியும் இருக்கும் இடத்தில் குச்சியால் பந்தைத் தள்ளி எடுப்பதற்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும்.

பந்து அடுத்த வீட்டுக்குள் போனால், அடித்தவரே போய் அழைப்பு மணி அடித்துக் கேட்டு வாங்கிவர வேண்டும். மதிலேறிக் குதிப்பது கூடாது. முடிந்தால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பெரியவர் ஒருவர் அந்த வீட்டில் போய், ‘இன்று மாலை பிள்ளைகள் ஆடுகிறார்கள், பந்து வந்தால் மன்னிக்க வேண்டும்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கும் வரம்பு வையுங்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு அன்றைய ஆட்டத்தை நிறுத்திக்கொள்வது மரியாதை.

நான்காம் படி: எப்படியெல்லாம் அவுட்?

பவுல்டு, கேட்ச், ரன் அவுட் இந்த மூன்றும் எல்லா இடத்திலும் இருக்கலாம். எல்.பி.டபிள்யூ., அதாவது ஸ்டம்பை நோக்கி வரும் பந்தைக் காலால் தடுத்ததற்காகக் கொடுக்கும் அவுட், வேண்டவே வேண்டாம். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா, காலில் எந்த இடத்தில் பட்டது, படாமல் போயிருந்தால் ஸ்டம்பைத் தொட்டிருக்குமா என்ற மூன்றையும் சார்பில்லாத ஒருவர் நேர்கோட்டில் நின்று பார்த்தாலொழியச் சொல்ல முடியாது. முற்றத்தில் அப்படி ஒருவர் இருப்பதில்லை. மட்டையாளர் வேண்டுமென்றே காலால் ஸ்டம்பை மறைத்தால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை அவுட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் குறைவாக இருக்கும்போது கேட்ச்சுக்கு உதவி தேவைப்படும். ஒரு முறை தரையில் குத்தி எழுந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட் என்ற விதி இதற்காகவே வந்தது. இதை ‘ஒன் பிட்ச் கேட்ச்’ என்பார்கள். நான்கு பேருக்கும் குறைவாக ஃபீல்டிங் நிற்கும்போது இது ஆட்டத்தைச் சமன்படுத்தும், எட்டுப் பேர் இருந்தால் மட்டையாளரால் நிற்கவே முடியாது. கீப்பருக்கு ஆள் இல்லையென்றால் பின்சுவரையே கீப்பராக்கலாம். மட்டையில் பட்டு, தரையில் படாமல் நேரே சுவரில் பட்டால் அவுட். சுவரில் இதற்கென ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் பட்டால் மட்டும் என்று எல்லை போட்டுவிடுங்கள், இல்லையெனில் பின்பக்கமாக அடிக்கும் நல்ல ஷாட்டும் அவுட்டாகிவிடும்.

முதல் பந்தில் யாரும் அவுட் இல்லை என்ற விதியை நான் மிகவும் விரும்புகிறேன். அரைமணி நேரம் வெயிலில் ஃபீல்டிங் நின்ற ஒரு குழந்தை ஒரே பந்தில் வெளியேறினால் அடுத்த முறை அது ஆட வராது. மிகச் சின்னவர்களுக்கு மூன்று பந்துவரை இந்தச் சலுகையை நீட்டிக்கலாம். ரன் அவுட்டுக்கு மட்டும் சலுகை வேண்டாம், ஓடுவதும் நிற்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இரண்டு மூன்று பேர் மட்டுமே இருந்தால் ஆட்டத்தையே மாற்றிக்கொள்ளலாம். மட்டையில் பந்து பட்டால் கட்டாயம் ஓடியே ஆக வேண்டும் என்பது ஒரு முறை. இதில் கட்டை போட்டுக்கொண்டே நிற்பவர் இருக்க முடியாது. இன்னொன்று ஃபிரெஞ்ச் கிரிக்கெட். மட்டையாளரின் முழங்காலுக்குக் கீழுள்ள கால்களே ஸ்டம்ப். அவர் பாதத்தை நகர்த்தாமல் மட்டையால் கால்களைக் காத்துக்கொள்ள வேண்டும், பந்து எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே அடுத்தவர் கீழ்க்கையாக வீசுவார். மிகச் சிறிய இடத்துக்கு இது அருமையான ஆட்டம்.

ஐந்தாம் படி: எல்லோருக்கும் முறை வர வேண்டும்

நன்றாக ஆடுகிற ஒருவர் மாலை முழுவதும் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதே முற்றத்து ஆட்டத்தைக் கெடுக்கும் பெரிய குறை. 20 அல்லது 25 ரன் எடுத்தவர் தாமாக ஒதுங்கிக்கொண்டு, மற்ற எல்லோரும் ஆடிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று வையுங்கள். திறமையில் மிகுந்த வேறுபாடு இருந்தால் ஜோடி முறை இன்னும் நல்லது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒவ்வொரு ஜோடியும் மூன்று ஓவர் ஆட வேண்டும். அவுட் ஆனாலும் வெளியேற வேண்டியதில்லை, மொத்தத்திலிருந்து 5 ரன் குறையும், அவ்வளவுதான். உள்ளரங்கக் கிரிக்கெட்டில் பின்பற்றப்படும் முறை இது. ஜோடிக்குக் கிடைக்கும் பதினெட்டுப் பந்துகளில் பலவீனமானவருக்கும் ஒரு பங்கு பயிற்சி கிடைத்துவிடும்.

பந்துவீச்சிலும் இதே கணக்கு வேண்டும்: எல்லோரும் ஒரு ஓவராவது வீசிய பிறகே ஒருவர் இரண்டாவது ஓவரைத் தொடலாம். கூட்டம் அதிகமானால் ஓவரை 4 பந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1889 வரை ஓவருக்கு 4 பந்துகள்தான். ஒரே ஓவரில் ஆறேழு வைடு போடும் புதியவருக்கு, மூன்று வைடுக்குப் பிறகு மீதிப் பந்துகளைக் கீழ்க்கையாக வீசி முடிக்கும் உரிமை கொடுங்கள். அவரும் சோர மாட்டார், மற்றவர்களும் காத்திருக்க வேண்டியிராது.

ஆடும் வரிசையைத் தீர்மானிக்க, தரையில் ஆளுக்கொரு கோடு கிழித்து, கோடுகளின் ஒரு முனையில் எண்களை எழுதி மட்டையால் மறைத்துவிட்டு, மறுமுனையை ஒவ்வொருவராகத் தொடச் சொல்லலாம். எழுதியவர் கடைசியாகத் தொட வேண்டும். அணி பிரிக்கும்போது ஒருவர் மிஞ்சினால் அவர் இரண்டு பக்கமும் ஆடும் ‘காமன்’ ஆகலாம், ஆனால் அந்த இடத்தைச் சிறந்த ஆட்டக்காரருக்கோ மிகச் சின்னவருக்கோ கொடுக்காமல் நடுத்தரமானவருக்குக் கொடுங்கள்.

ஆறாம் படி: சந்தேகம் வந்தால்

ஆடாத அணியிலிருந்து அம்பயர் கிடைக்காது என்பதால், ஆடும் அணியில் ஒருவரே அம்பயராக நிற்பது வழக்கம். அவர் தம் அணிக்குச் சாதகமாகவே சொல்வார் என்ற சந்தேகம் எழாமலிருக்க, அவர் நிச்சயமாகச் சொல்ல முடியாத பந்தை ரத்து செய்து திரும்ப வீசவைப்பதே நியாயம். இதைக் கேட்கும் உரிமை ஓர் இன்னிங்ஸில் ஒரு பக்கத்துக்கு இரண்டு முறை மட்டும் என்று வரம்பு வையுங்கள். வரம்பில்லாவிட்டால் ஒவ்வொரு பந்தும் திரும்ப வீசப்படும்.

இன்னிங்ஸின் நடுவே விதியை மாற்றக் கூடாது. யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்று நடந்துவிட்டால், அந்தப் பந்தை ரத்து செய்துவிட்டு அடுத்த பந்திலிருந்து செல்லும்படி புதிய விதியைச் சேர்க்கலாம். பாதுகாப்பு மட்டும் இதற்கு விலக்கு: மட்டை கை நழுவிப் பறந்தாலோ, குழந்தை ஒன்று குறுக்கே வந்தாலோ, யார் ‘நில்’ என்று சொன்னாலும் ஆட்டம் அந்த நொடியே நிற்க வேண்டும், அதில் விழுந்த விக்கெட்டும் எடுத்த ரன்னும் செல்லாது. மட்டையாளருக்கு முன்னால் ஐந்து தப்படிக்குள் எவரும் ஃபீல்டிங் நிற்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

விதிகளின் எண்ணிக்கை பத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் ஒருவருக்கும் நினைவிருக்காது. எல்லாவற்றையும் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, டாஸுக்கு முன் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். தாமதமாக வந்து சேர்கிறவருக்கு, அவர் மட்டையைத் தொடுவதற்கு முன் அணியில் இளையவர் அதைப் படித்துக்காட்டலாம், இளையவருக்கும் விதிகள் மனப்பாடமாகிவிடும். பந்துவீசும் முனையிலிருந்து பார்க்கும்போது ஸ்டம்ப் மங்கினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. எஞ்சிய ஓவர்களையும் ரன் கணக்கையும் அந்தச் சுவரிலேயே, விதிகளுக்குக் கீழே எழுதிவைத்துவிட்டால் மறுநாள் அங்கிருந்து தொடரலாம்.